சுட்டிய விரல்

குற்றம் செய்த ஒருவர் அதற்குரிய தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்துவிட்டார். இனி அவரை நாம் எப்படி அழைப்பது? குற்றவாளி என்றா? ஒருகாலத்தில் குற்றவாளியாக இருந்தவர் என்றா? அல்லது, மற்ற எவரையும்போல, அவருடைய பெயரைச் சொல்லியா? சட்டப் புத்தகத்தில் இக்கேள்விக்கு எளிய விடை உண்டு. மனித உள்ளத்தில் அவ்வளவு எளிய விடை இல்லை. இதைப்பற்றிச் சிந்திப்பதற்கு நீதிமன்றத்தையோ சிறைச்சாலையையோ நாடிச் செல்ல வேண்டியதில்லை. ஒரு நீச்சல் குளத்தின் கரைக்குச் சென்றாலே போதும்.

2016 ஆகஸ்ட் 7 அன்று, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், ஒலிம்பிக் போட்டியின் பெண்களுக்கான 100 மீட்டர் மார்பு நீச்சல் அரையிறுதிப் பந்தயங்கள் நடைபெற்றன. முதல் அரையிறுதியில் முதலாவதாக வந்த ரஷ்ய வீராங்கனை யூலியா எஃபிமோவா, 'நானே முதலிடம்' என்னும் பொருள்பட ஒரு விரலை உயர்த்தி அசைத்தார். அடுத்த அரையிறுதிக்காகக் காத்திருந்த அமெரிக்க வீராங்கனை லில்லி கிங் இதைத் தொலைக்காட்சித் திரையில் கண்டார். அவருக்கு அப்போது வயது 19. திரையில் தெரிந்த உருவத்தை நோக்கி அவரும் விரலை அசைத்தார். அது வெற்றியின் விரல் அன்று, கண்டனத்தின் விரல். பிறகு குளத்தில் இறங்கி, தம் அரையிறுதியில் வென்று, மீண்டும் அவ்விரலை அசைத்தார். ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்ட ஒருவர் முதலிடம் என்று விரல் காட்டுவதைத் தம்மால் ஏற்க இயலாது என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சிறு காட்சி உலகமெங்கும் ஒளிபரப்பாயிற்று.

மறுநாள் இறுதிப் பந்தயத்தில் இருவரும் அடுத்தடுத்த தடங்களில் நீந்தினர். எஃபிமோவா அறிமுகப்படுத்தப்பட்டபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. லில்லி கிங் 1 நிமிடம் 4.93 வினாடியில் நீந்தி, ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். எஃபிமோவா 1 நிமிடம் 5.50 வினாடியில் வெள்ளி பெற்றார். மற்றோர் அமெரிக்கரான கேட்டி மெய்லிக்கு வெண்கலம் கிடைத்தது. வென்றவர் தம் நாட்டுத் தோழியைத் தழுவிக்கொண்டார். அடுத்த தடத்தில், கை எட்டும் தொலைவில் இருந்த எஃபிமோவாவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெள்ளி வென்றவர் அன்று கண்ணீரோடு வெளியேறினார்.

இந்தக் காட்சியில் நீதி எங்கே நின்றது? தங்கம் வென்றவரின் பக்கமா, கண்ணீர் விட்டவரின் பக்கமா? விரைந்து விடை சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, இரு பக்க நியாயங்களையும் பொறுமையோடு கேட்போம்.

எஃபிமோவா 1992-ஆம் ஆண்டு குரோஸ்னி நகரில் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம் வென்றவர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தங்கிப் பயிற்சி பெற்றார். அங்கே 2013 அக்டோபர் இறுதியில் எடுக்கப்பட்ட சோதனையில், டி.எச்.இ.ஏ. என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் அவர் உடலில் இருந்தது தெரியவந்தது. கடையில் வாங்கிய சத்துப் பொருள் ஒன்றின் வழியே, தாம் அறியாமலே அது உட்புகுந்தது என்று அவர் வாதிட்டார். ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றது. ஆனால் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்று முடிவு செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாக 16 மாதத் தடை விதிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் ஐரோப்பியக் குறுங்குளப் போட்டியில் அவர் வென்றிருந்த பதக்கங்கள் பறிக்கப்பட்டன. தடை முடிந்து திரும்பியவர், 2015-ஆம் ஆண்டு கசான் நகரில் நடந்த உலகப் போட்டியில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2016 தொடக்கத்தில் மெல்டோனியம் என்னும் மருந்து அவர் உடலில் இருப்பதாக மற்றொரு சோதனை காட்டியது. அம்மருந்து அவ்வாண்டு ஜனவரி முதல் நாளிலிருந்துதான் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. தடைக்கு முன் உட்கொண்ட மருந்து எத்தனை காலம் உடலில் தங்கும் என்பது தெளிவாகாத நிலையில், அவர்மீதான இடைக்காலத் தடை விலக்கப்பட்டது. ஜூலையில் வேறோர் இடி விழுந்தது. ரஷ்யாவில் அரசின் துணையோடு ஊக்கமருந்து முறைகேடுகள் நடந்ததாக மெக்லாரன் அறிக்கை கூறியது. அதையொட்டி, முன்பு தண்டிக்கப்பட்ட ரஷ்ய வீரர் எவரும் ரியோவில் பங்கேற்கக் கூடாது என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு அறிவித்தது. அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தை அணுகினார். அத்தகைய விதி இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்று மன்றம் கண்டது. போட்டி தொடங்கும் வேளையில்தான் அவருக்குக் குளத்தின் கதவு திறந்தது. முதல் முறை தாம் தவறியதாகவும், இரண்டாவது தம் தவறன்று என்றும் ரியோவில் அவர் சொன்னார்.

இனி லில்லி கிங்கின் பக்கம் நிற்போம். ஊக்கமருந்து என்பது வெறும் விதிமீறல் அன்று. அது ஒரு வகைத் திருட்டு. அதில் பொருளை இழந்தவர் யார் என்பதுகூடப் பல சமயம் தெரிவதில்லை. மூன்றாவதாக வரவேண்டியவர் நான்காவதாக வந்து, தலைகுனிந்து வீடு திரும்புகிறார். எட்டாவதாக வந்திருக்க வேண்டியவருக்கு இறுதிப் பந்தயத்தில் நீந்தும் வாய்ப்பே இல்லாமற் போகிறது. ஆண்டுகள் கழித்துப் பதக்கம் அவரிடம் வந்து சேரலாம். ஆனால் கொடி ஏறும்போது மேடையில் நின்றிருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடம் திரும்பி வராது. இத்தகைய முகமற்ற மனிதர்களுக்காக ஒருவர் பேசத்தான் வேண்டும். எல்லாரும் நாகரிகம் கருதி மௌனம் காத்தால், மௌனமே குற்றத்துக்குத் துணையாகிவிடும்.

பெண்கள் நீச்சலின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 13 நீச்சல் தங்கங்களில் 11-ஐக் கிழக்கு ஜெர்மனி வென்றது. 100 மீட்டர் மார்பு நீச்சல் தங்கமும் அவற்றுள் ஒன்று. அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபஷாஃப், அந்த வெற்றிகளைப் பற்றித் தம் ஐயத்தை வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைகள் அவரைத் தோல்வியைத் தாங்காத சிடுமூஞ்சி என்று எள்ளி நகையாடின. பெர்லின் சுவர் வீழ்ந்த பிறகு வெளிவந்த ஆவணங்கள், அவர் ஐயுற்றது சரியே என்று காட்டின. அந்நாட்டில் அரசே திட்டமிட்டு விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்தது. உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்த பரிசு ஏளனப் பெயர். அவர் இழந்த தங்கங்கள் இன்றுவரை அவரிடம் வந்து சேரவில்லை. இதை அறிந்தவர்கள், சுட்டிய விரலை வெறும் ஆணவம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் அதே வரலாறு மற்றோர் உண்மையையும் சொல்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அம்மாத்திரைகளை விழுங்கியவர்களுள் பலர் சிறுமியர். அவை சத்து மாத்திரைகள் என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் பலர் உடல்நலம் குன்றி வருந்தினர். 2000-ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம் அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃபிரட் எவால்டையும், மருத்துவர் மான்ஃபிரட் ஹெப்னரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, தங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கைச் சொன்னவர்கள் அந்த முன்னாள் வீராங்கனைகளே. தங்கப் பதக்கம் அணிந்து மேடையில் நின்ற பெண்ணே திருட்டின் கருவியாகவும், அதற்கு முதற்பலியாகவும் இருந்திருக்கிறாள். தொலைவிலிருந்து விரல் நீட்டுபவருக்கு இந்த இரண்டாவது உண்மை தெரிவதில்லை. விரல் ஒரே திசையைத்தான் காட்டும். மனித வாழ்வோ ஒரே திசையில் செல்வதில்லை.

தண்டனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டனைக்கு அளவு உண்டு என்பதுதான் நீதிக்கும் பழிவாங்கலுக்கும் உள்ள வேறுபாடு. பதினாறு மாதம் என்றால் பதினாறு மாதம். பதினேழாவது மாதத்தைச் சேர்க்க எவருக்கும் உரிமை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தடைபெற்றவர் அடுத்த ஒலிம்பிக்கில் பங்கேற்க முடியாது என்று 2008-இல் ஒலிம்பிக் குழு கொண்டுவந்த விதியை, 2011-இல் நடுவர் மன்றம் செல்லாது என்றது. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் தண்டனை கூடாது என்பதே அதன் அடிப்படை. தண்டனை போதாது என்று கருதுவோர் சட்டத்தை மாற்றப் போராடலாம். வாழ்நாள் தடை வேண்டும் என்றும் வாதிடலாம். ஆனால் இருக்கும் சட்டத்தின்படி கணக்கைத் தீர்த்தவரிடம், அரங்கம் முழுவதும் எழுந்து நின்று மீண்டும் வசூலிக்கப் புறப்படுவது நீதி ஆகாது. கூட்டத்தின் கூச்சல் எந்த மன்றமும் வழங்காத தண்டனை. அதற்கு மேல்முறையீடும் இல்லை. முடிவு நாளும் இல்லை.

இந்த இடத்தில் லில்லி கிங்கின் நேர்மை ஒன்றையும் மறவாமல் குறிப்பிட வேண்டும். இருமுறை தடைபெற்ற அமெரிக்க ஓட்ட வீரர் ஜஸ்டின் காட்லின் அதே ரியோவில் பங்கேற்க இருந்தார். அவரைப்பற்றிக் கேட்டபோது, ஊக்கமருந்தில் பிடிபட்டவர்கள் அமெரிக்க அணியிலும் இருக்கக் கூடாது என்றே அவர் விடையளித்தார். பிறர் நாட்டவருக்கு ஓர் அளவுகோல், தம் நாட்டவருக்கு வேறோர் அளவுகோல் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. கூச்சலிட்ட கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த நேர்மை இருந்திருக்கும்? குற்றத்தை வெறுப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு கொடியை வெறுப்பது மிக எளிது. நம் மனச்சான்று உண்மையிலேயே நீதியின் பொருட்டுத் துடிக்கிறதா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அதே குற்றத்தை நம் வீட்டுப் பிள்ளை செய்திருந்தால், இதே விரல் இதே வேகத்தில் எழுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது? மூன்று வேறு பொருள்களை நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம் என்று தோன்றுகிறது. தண்டனை ஒன்று, நம்பிக்கை மற்றொன்று, மன்னிப்பு மூன்றாவது. தண்டனை சட்டத்துக்கு உரியது. குறித்த நாளில் அது முடிந்தே தீர வேண்டும். நம்பிக்கை அப்படியன்று. அதைச் சட்டத்தால் கட்டளையிட்டுப் பெற முடியாது. தவறியவர் நாள்தோறும் உழைத்து ஈட்ட வேண்டிய செல்வம் அது. எஃபிமோவாவைத் தாம் நம்பவில்லை என்று சொல்ல லில்லி கிங்குக்கு முழு உரிமை உண்டு. இரண்டாம் சோதனையின் நிழல் அந்த ஐயத்துக்கு இடமும் தந்தது. மன்னிப்போ, தீங்கை அனுபவித்தவரால் மட்டுமே வழங்கக்கூடிய கொடை. பதக்கம் இழந்த ஒருவருக்காக அரங்கில் அமர்ந்திருக்கும் நாம் மன்னிக்க முடியாது. அதுபோலவே, அவருக்காக நாம் பழிவாங்கவும் முடியாது.

இந்த மூன்றையும் நீக்கிய பின்னும் நான்காவதாக ஒன்று எஞ்சுகிறது. அதுதான் மனித மாண்பு. அதற்கு எவரும் தகுதி பெற வேண்டியதில்லை. எவரும் அதைப் பறிகொடுக்கவும் முடியாது. நம்பாத ஒருவருடன் நாம் கூட்டு வணிகம் செய்யாமல் இருக்கலாம். ஆனால் அவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லத்தான் வேண்டும். ரியோவில் லில்லி கிங் பேசியதைவிட, பந்தயம் முடிந்த பின் பார்க்காமல் இருந்ததே நெருடுகிறது. விதியைப் பற்றிப் பேசியபோது அவர் ஒரு கடமையைச் செய்தார். அடுத்த தடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இல்லாதவர்போல் கடந்தபோது, அக்கடமைக்குத் தேவையில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பத்தொன்பது வயதில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாம் அவரைவிடச் சிறப்பாக நடந்திருப்போம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும் எது சிறந்தது என்பதை அறிந்து வைப்பது நல்லது.

மார்பு நீச்சலில் கடுமையான விதி ஒன்று உண்டு. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் பந்தயம் செல்லாது. 2019-ஆம் ஆண்டு தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் நடந்த உலகப் போட்டியில், 200 மீட்டர் தொடக்கச் சுற்றில் லில்லி கிங்கே இவ்விதியால் தகுதி இழந்தார். முதல் திருப்பத்தில் அவருடைய கைகள் ஒருசேரத் தொடவில்லை என்று நடுவர்கள் முடிவு செய்தனர். அமெரிக்க அணியின் முறையீடு பயனளிக்கவில்லை. அப்பிரிவின் தங்கத்தை எஃபிமோவா வென்றார். கை தொடுவதில் நேர்ந்த பிழையும் ஊக்கமருந்தும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. அதை மறந்து பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அன்று எவரும் லில்லி கிங்கை ஏமாற்றுக்காரர் என்று அழைக்கவில்லை. பிழை வேறு, பிழைத்தவர் வேறு என்பதை எல்லாரும் இயல்பாகவே உணர்ந்தார்கள். நமக்குப் பிடித்தவரிடம் இந்த வேறுபாட்டைக் காண்பது எளிது. பிடிக்காதவரிடமும் அதைக் காண முயல்வதே அறம்.

இதற்கு மற்றொரு வாழ்க்கையும் சாட்சி. லிதுவேனியாவின் ரூத்தா மெய்லுதீத்தே 2012 லண்டனில், 15 வயதில், 100 மீட்டர் மார்பு நீச்சல் தங்கம் வென்றார். 2019-இல், ஓராண்டுக்குள் மூன்று முறை ஊக்கமருந்துச் சோதனைக்குக் கிடைக்காமற் போனதற்காக அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தடைக்காலம் முடிந்த பின் மீண்டும் குளத்துக்கு வந்தார். 2023-இல் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் 100 மீட்டரில் தங்கமும், 50 மீட்டரில் 29.16 வினாடி என்னும் உலகச் சாதனையோடு தங்கமும் வென்றார். உலகம் அதை ஒரு மறுவாழ்வின் கதையாகக் கொண்டாடியது. அவர் உடலில் எந்தத் தடைப்பொருளும் காணப்படவில்லை. ஆகவே இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. இருந்தாலும், தடைபெற்றுத் திரும்பியவருக்கு ஒரு குளத்தில் கைதட்டலும் மற்றொரு குளத்தில் கூச்சலும் கிடைத்ததற்குக் குற்றத்தின் வேறுபாடு மட்டுமே காரணமா? அணிந்திருந்த கொடியும் ஒரு காரணம் இல்லையா? இக்கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம்.

இறுதியாக ஒரு காட்சி. 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் மார்பு நீச்சலில், தென் ஆப்பிரிக்காவின் தாத்யானா ஸ்கூன்மேக்கர் 2 நிமிடம் 18.95 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். திரையில் நேரத்தைக் கண்டு அவர் திகைத்து அழுதபோது, தோற்றவர்கள் தடக்கயிறுகளைக் கடந்து அவரிடம் வந்தார்கள். அவருடைய நாட்டவரான கேலின் கார்பெட்டும், அமெரிக்கரான அன்னி லேசரும் அங்கே இருந்தனர். வெள்ளி வென்ற லில்லி கிங்கும் அந்த வளையத்தில் இருந்தார். நான்கு பெண்கள் நீரின் நடுவே ஒருவரையொருவர் தழுவி நின்றனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் உலகுக்கு ஒற்றை விரலாகத் தெரிந்த அந்தக் கை, இப்போது மற்றொருவர் தோளைச் சுற்றியிருந்தது.

அந்த வளையம் அழகானது. ஆனால் அதைக் காணும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை. அங்கே ஐந்தாவதாக, தவறித் தண்டனை பெற்றுத் திரும்பிய ஒருத்தி வந்து நின்றிருந்தால், வளையம் அவளுக்காகத் திறந்திருக்குமா? நல்லவர்கள் நல்லவர்களைத் தழுவுவது மகிழ்ச்சி. அது கடினம் அன்று. மார்பு நீச்சலின் விதியைச் சற்றே நம் வாழ்வுக்கும் எடுத்துக்கொள்ளலாம். நீதி ஒரு கை, இரக்கம் மறு கை. நீதியின் கை மட்டும் முந்திச் சென்று சுவரைத் தொட்டால், நாம் வென்றதாகத் தோன்றும். ஆனால் ஓட்டம் செல்லாது. இரக்கம் மட்டும் முந்தினால், இழந்தவர்களின் கண்ணீரை மறந்தவர்களாவோம்.

நம் குடும்பத்திலும் தெருவிலும் பணியிடத்திலும் தண்டனை முடிந்தும் பெயர் திரும்பப் பெறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உடனே நம்பிவிட வேண்டும் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. அவர்கள் செய்ததை மறந்துவிடுமாறும் கேட்கவில்லை. நாளை அவர்களுள் ஒருவர் எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அவருடைய பெயரைச் சொல்லி அழைப்போம். அது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியும்.